தடத்தில் ஓட்ட எந்த டயர் கட்டுப்படியாகும்?

திருநெல்வேலியில் டயர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்பதுதான். நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் நான்குவழிச் சாலையில் போய்வரும் காருக்கு அது சரியான கேள்வி. அதே காரைக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ எடுத்துப்போய், பொழுதுபோக்காக ஓட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை. சாலையில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர், தடத்தில் சில நூறு கிலோமீட்டரிலேயே ஓரம் கரைந்து நிற்கும். கிலோமீட்டர் என்ற அளவுகோல் அங்கே பொருந்தாமல் போவது ஏன் என்பது விளங்கிவிட்டால், எந்த டயரை வாங்குவது என்ற முடிவு தானாகவே எளிதாகிவிடும்.

நம் பக்கத்திலிருந்து தடத்துக்குப் போகும் இளைஞர்களிடம் மூன்று கருத்துகளை அடிக்கடி கேட்கிறேன். கெட்டியான டயர் நெடுநாள் உழைக்கும் என்பது ஒன்று. அகலமான டயரைப் போட்டால் பிடிமானம் கூடிவிடும் என்பது இன்னொன்று. பந்தயத்தில் ஓடிய பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் லாபம் என்பது மூன்றாவது. முதல் இரண்டில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவதில் அதுவும் இல்லை. விவரம் தெரியாமல் கைப்பணத்தை இழப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓர் அஞ்சலட்டை அளவு நிலம்

ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 250 கிலோ நிற்கிறது. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 30 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர் என்று வருகிறது. அது ஓர் அஞ்சலட்டையின் அளவு. பிரேக் பிடிப்பது, திருப்புவது, வேகம் எடுப்பது எல்லாமே நான்கு அஞ்சலட்டைகளின் பொறுப்பில் நடக்கின்றன.

அகல டயரைப் பற்றிய கருத்தில் பாதி உண்மை என்று சொன்னதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. எடையும் காற்றழுத்தமும் மாறாதபோது அகல டயரின் தொடுபரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. நீளவாக்கில் இருந்த அட்டை குறுக்குவாக்கில் திரும்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வடிவ மாற்றத்தால் வளைவில் ரப்பர் குறைவாக முறுக்கப்படுகிறது, சூடும் சற்றுக் குறைகிறது. நன்மை உண்மையானதுதான். ஆனால் அதற்காக ரிம்மையும் மாற்றி இருமடங்கு செலவு செய்வது, புதிதாக ஓட்டத் தொடங்குபவருக்குத் தேவையற்றது என்பது என் கருத்து.

இனி அந்த அட்டைக்குள் நடப்பதைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய அழிரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையான ரப்பர் தாளோடு நன்றாக ஒட்டி எழுத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிடும், துகளும் நிறைய உதிரும். கெட்டி ரப்பர் தாளின் மேல் வழுக்கும், ஆனால் ஆண்டு முழுவதும் வரும். டயரும் அப்படித்தான். தார்ச்சாலையின் சிறு சிறு மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமிழ்ந்து, அவற்றைப் பற்றிக்கொண்டு, பிறகு விடுகிறது. இப்படிப் பற்றும் திறனையே பிடிமானம் என்கிறோம். அந்தத் திறன் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது டயரின் கலவை. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கப்படுவது போன்ற இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா, எண்ணெய், கந்தகம் ஆகியவற்றை எந்த விகிதத்தில் சேர்த்துப் பிசைந்தார்கள் என்பதுதான் கலவை. நம் கங்கைகொண்டான் சிப்காட்டில் டிராக்டருக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் டயர் செய்கிறார்கள். அவையும் ரப்பர்தான் என்றாலும், கல்லிலும் சேற்றிலும் கிழிபடாமல் உழைக்கும்படி அவற்றின் கலவை அமைகிறது. எந்த வேலைக்குச் செய்யப்பட்ட டயர் என்ற கேள்வி, எந்தக் கம்பெனி டயர் என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

பஞ்சர் கடையில் கிடைக்கும் பாடம்

நெல்லையிலிருந்து தென்காசி போகும் வழியில் எந்தப் பஞ்சர் கடையின் முன்னால் நின்றாலும் "வல்கனைசிங்" என்று எழுதிய பலகை கண்ணில் படும். டயர் தேய்வதன் பாதிக் கதை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கடைக்காரர் ட்யூபின் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டிவிட்டு, பச்சை ரப்பர் துண்டு ஒன்றை அதன் மேல் வைத்து, சூடான இரும்புத் தகட்டுக்குக் கீழே அழுத்தி இறுக்குவார். வைக்கும்போது விரலில் பிசுபிசுத்த துண்டு, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் உறுதியாக, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிறதாக மாறியிருக்கும். ரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்துக் கட்டிவிட்டது என்பதே இதன் பொருள். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வேதிவினை இது.

தடத்தில் ஓடும்போது இதே வினை தொடர்கிறது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. தொழிற்சாலையில் டயரை அளவாக வேகவைத்து எடுக்கிறார்கள். பிறகு நீங்கள் வெயிலில், 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் தார்த்தளத்தில், பிரேக்கை அழுத்தி அழுத்தி ஓட்டும்போது ரப்பர் மறுபடியும் வேகிறது. குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன; மென்மையைத் தந்த எண்ணெய் மெல்ல வெளியேறுகிறது. ஒருமுறை நன்றாகச் சூடேறி, பிறகு முழுதும் ஆறுவதை ஒரு சூட்டுச் சுழற்சி என்று கொள்வோம். நேற்றைய அல்வாவை இன்றும் நாளையும் திரும்பத் திரும்ப அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் என்ன ஆகும்? நெய் பிரிந்து, இலகுவாக வழுகிய பண்டம் தோலைப் போல இறுகிவிடும். டயரும் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் இறுகுகிறது. பட்டன், அதாவது மேல்பரப்பில் கோடுகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகள், நிறைய மீதி இருந்தும் டயர் வழுக்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

பந்தயத்தில் ஓடிய பழைய டயரை மலிவு விலைக்கு வாங்குவது ஏன் நஷ்டம் என்பது இப்போது விளங்கும். பந்தயக் கலவை சில சுழற்சிகளுக்குள் தன் உச்சத்தைத் தந்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. அதைக் கழற்றிப் போட்டவர் அந்த உச்சத்தைச் செலவழித்துவிட்டார். கண்ணுக்குப் பட்டையாக, கனமாகத் தெரியும் டயரில் எஞ்சியிருப்பது இறுகிய ரப்பர்தான்.

கெட்டி டயர் நெடுநாள் உழைக்கும் என்ற கருத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். கெட்டிக் கலவைக்குப் பிடிமானம் குறைவாதலால், அதே வேகத்தில் வளைவைக் கடக்கும்போது அது கூடுதலாக வழுக்குகிறது. வழுக்கலால் உரசலும், உரசலால் சூடும் ஏறுகின்றன. மைலேஜுக்காகவே செய்த குடும்பக் கார் டயரைத் தடத்தில் விரட்டினால், சில சுற்றுகளிலேயே மேற்பரப்பு சூட்டில் இளகி, ஓரத்தில் துண்டு துண்டாகப் பெயர்ந்து வருவதைப் பார்க்கலாம். சாலையில் அதிக நாள் உழைப்பது தடத்தில் அதிக நாள் உழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், தொடுபரப்பு மிகச் சிறியது, பிடிமானம் கலவையைப் பொறுத்தது, தடத்தில் டயரின் ஆயுளைத் தின்பது தூரத்தைவிட அதிகமாகச் சூடு.

தோள் தேய்வது

முதல் தடவை செட்டிப்பாளையத்தில் ஓட்டிவிட்டு வந்தபோது, என் காரின் முன்பக்க இடது டயரைப் பாளையங்கோட்டையில் கழற்றிப் பார்த்தேன். நடுவில் இருந்த பட்டன் புதுசு போலவே, ஆழமாக, ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தது. வெளி ஓரத்திலோ, இரண்டு விரல் அகலத்துக்குக் கோடுகளே இல்லை. ரப்பர் சின்னச் சின்ன அலைகளாகச் சுருண்டு, அரத்தால் ராவியது போலச் சொரசொரப்பாக இருந்தது. டயரின் மேல்பரப்பு பக்கச் சுவரோடு சேரும் அந்த விளிம்புக்குத் தோள் என்று பெயர். டயரின் முக்கால் பங்கு நன்றாக இருக்க, தோள் போனதால் மட்டும் முழு டயரையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

வலஞ்சுழியாகச் சுற்றும் தடத்தில் வலப்பக்க வளைவுகளே அதிகம். வளையும்போது எடை இடப்பக்கம் சாய்கிறது. நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது முன்சக்கரத்தால் இழுக்கும் கார். திருப்புவது, இழுப்பது, பெரும்பகுதி பிரேக் பிடிப்பது ஆகிய மூன்றும் முன்டயர்களின் தலையிலேயே விழுகின்றன. கார் சாயும்போது சக்கரமும் வெளிப்புறமாகச் சாய்ந்து, அட்டை முழுவதும் தரையில் படாமல் தோள் மட்டும் சுமையைத் தாங்குகிறது. முன்பக்க இடது டயரின் வெளித் தோள் முதலில் போவது இதனால்தான்.

இதற்கான மருந்து கேம்பர். நேராக நிற்கும் காரில் சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணத்தையே இங்கே அப்படிச் சொல்கிறோம். மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் கார் வெளியே சாயும்போது சக்கரம் நிமிர்ந்து, அட்டை முழுமையாகப் படியும். பல சிறிய கார்களில் கேம்பரை மாற்றும் வசதி கம்பெனியிலிருந்தே வருவதில்லை. அதற்கென்று விற்கும் போல்ட்டைப் போட்டு ஒன்று, ஒன்றரை டிகிரி வரை பெறலாம். விலை உயர்ந்த டயர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கும் நல்ல வீல் அலைன்மென்டுக்கும் ஒதுக்கினால், டயர் கூடுதல் நாள் வருவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அத்துடன் இடது டயரையும் வலது டயரையும் முறைவைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயரென்றால் ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாற்ற முடியும். வாங்கும்போதே அம்புக்குறி இல்லாத டயரைத் தேர்ந்தெடுப்பது செலவைக் குறைக்கும்.

பக்கச் சுவரில் எழுதியிருப்பது

195/55 R16 87V என்று டயரில் பொறித்திருந்தால், 195 மில்லிமீட்டர் அகலம், அகலத்தில் 55 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம், 16 அங்குல ரிம் என்று பொருள். 87 என்பது ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும் என்பதையும், V என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது என்பதையும் குறிக்கின்றன. உங்கள் காருக்குக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம்.

தயாரித்த தேதி நான்கு இலக்கங்களில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் புதிதாகவே கிடந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும். ஐந்தாறு ஆண்டைத் தாண்டிய டயரைத் தடத்துக்குக் கொண்டுபோக நான் ஒப்பமாட்டேன்.

சில டயர்களில் ட்ரெட்வேர் என்ற சொல்லோடு ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்க விதிப்படி ஒரு மாதிரி டயரின் தேய்மானத்தை 100 என்று வைத்து, சோதனை டயரையும் அதனுடன் சேர்த்துச் சுமார் 11,500 கிலோமீட்டர் பொதுச் சாலையில் ஓட்டி, அதிலிருந்து கணித்துப் போடும் எண் அது. 400 என்றால் மாதிரியைப்போல நான்கு மடங்கு உழைக்கும் என்று அர்த்தம். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எண்ணைப் போடுவது டயர் செய்த கம்பெனியே என்பதால், ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 300உடன் ஒப்பிட முடியாது. மேலும் அது சாலைத் தேய்மானம். தடத்தின் சூட்டைப் பற்றி நேரடியாக எதையும் சொல்லாது. ஆயினும் கலவை எவ்வளவு மென்மையானது என்று தோராயமாக ஊகிக்க அது உதவும். குடும்பக் கார் டயர்கள் பெரும்பாலும் 300க்கு மேல், 500ஐத் தாண்டியும் இருக்கும். தடத்தையும் மனத்தில் வைத்துச் செய்த சாலை டயர்கள் 200 அளவில் இருக்கும். பாதி வழவழப்பாக வரும் பந்தயச் சாயல் டயர்கள் 100ஐச் சுற்றியோ அதற்குக் கீழோ இருக்கும்.

நெல்லையிலிருந்து போகிறவருக்கான கணக்கு

கோயம்புத்தூரில் வசிப்பவருக்குத் தடம் அரைமணி நேரப் பயணம். நமக்கோ ஒரு வழிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காரி ஸ்பீட்வேயின் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர், ஒரு நாளில் ஐம்பது சுற்று ஓட்டினாலும் 105 கிலோமீட்டர்தான் ஆகிறது. அந்த 105க்காக 700 கிலோமீட்டர் அதே டயரில் போய்வர வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் வழியில் மழை நிச்சயம். தண்ணீரை ஒதுக்கப் போதிய கோடுகள் இல்லாத பந்தயச் சாயல் டயரில், கயத்தாறு தாண்டிக் கொட்டும் மழையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதை எண்ணிப் பாருங்கள். நெல்லைக்காரருக்குக் கட்டுப்படியாகும் டயர் எது என்பதை இந்தத் தூரமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

விலையைக் கிலோமீட்டரால் வகுக்காமல் தடத்தில் கிடைக்கும் நல்ல நாள்களால் வகுக்க வேண்டும். கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். நல்ல சாலை டயர் ஒன்று 6,000 ரூபாய், நான்குக்கு 24,000, ஆறு நாள் வருகிறது; நாளுக்கு 4,000 ஆகிறது. தடத்துக்கு ஏற்ற மென்மையான டயர் ஒன்று 11,000, நான்குக்கு 44,000, எட்டு நாள் வருகிறது, நாளுக்கு 5,500. பந்தயத்தில் ஓடிய டயர் ஒன்று 2,500, நான்குக்கு 10,000, ஒன்றரை நாளில் முடிந்துவிடுகிறது. நாளுக்கு ஏறக்குறைய 6,700, அத்துடன் அதை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டிச் செலவு வேறு. உங்கள் கடை விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது 240 முதல் 340 வரை ட்ரெட்வேர் உள்ள, விளையாட்டுக் குணமுள்ள நல்ல சாலை டயர். அதன் பிடிமானம் குறைவாக இருப்பதே கற்பவருக்கு நன்மை. எல்லையை நெருங்கும்போது அது கிறீச்சிட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். மிக மென்மையான டயரோ சத்தமில்லாமல் பிடித்திருந்து சட்டென்று விட்டுவிடும். இருபது நாளாவது தடத்தில் ஓட்டிக் கை பழகிய பிறகு 200 அளவுள்ள டயருக்குப் போகலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. புது டயரின் ஆழமான பட்டன்கள் வளைவில் அங்குமிங்கும் நெளிந்து கூடுதலாகச் சூடாகும். பாதி தேய்ந்த டயரில் கட்டைகள் குட்டையாக இருப்பதால் நெளிவு குறைவு. ஆகவே புது டயரை முதலில் சாலையில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கைந்து மில்லிமீட்டர் மீதி இருக்கும்போது கோடைகாலத் தடநாள்களுக்குப் பயன்படுத்துவது சிக்கனமான வழி.

காற்றும் சாக்பீஸும்

டயரின் ஆயுளைக் கூட்டும் மிக மலிவான கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நல்ல காற்றழுத்தமானி. மூடிய டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ. காலையில் 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு ஓட்டி, உள்ளிருக்கும் காற்று 70 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் 36ஐத் தொடும். அட்டை சிறுத்து, நடுப்பகுதி மட்டும் தரையில் படும். அதிகமாகக் குறைத்து வைத்தால் பக்கச் சுவர் மடிந்து தோள் தேயும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் காருக்குப் பொருந்தும் அளவைச் சாக்பீஸ் காட்டிக்கொடுக்கும். ஓட்டுவதற்கு முன் மேல்பரப்பிலிருந்து தோள் வழியாகப் பக்கச் சுவர் வரை குறுக்கே ஒரு கோடு போடுங்கள். டயரின் பக்கச் சுவரில், தோளுக்குச் சற்றுக் கீழே சிறிய முக்கோணக் குறி ஒன்று இருக்கும். சில சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது, கோடு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் அழுத்தம் ஏறக்குறைய சரி. முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை. தோள்வரை கூட அழியாமல் இருந்தால் காற்று கூடுதல். வந்தவுடன், சூடு ஆறுவதற்குள் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டும் கையும் டயரைத் தின்னும். கார் நினைத்த அளவு திரும்பாதபோது ஸ்டியரிங்கை இன்னும் அதிகமாக ஒடிப்பது புதியவர்களின் பழக்கம். முன்டயர் அப்போது உருளாமல், துருவியில் தேய்க்கும் தேங்காய்போலக் குறுக்கே உரசப்படுகிறது. பிடிமானம் கூடாது, தோள்தான் கரையும். ஸ்டியரிங்கைச் சற்று விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் கார் தானே திரும்பும். நான்கைந்து சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி டயரை ஆறவிடுங்கள்.

ஊர் திரும்பும் முன்

தடத்தில் சூட்டோடு காற்றை இறக்கி 34க்குக் கொண்டுவந்தவர், டயர் ஆறிய பிறகு பார்த்தால் அது 28 அளவில் நிற்கும். அப்படியே நான்குவழிச் சாலையில் ஏறினால் பக்கச் சுவர் வளைந்து வளைந்து சூடாகி, மதுரை தாண்டுவதற்குள் வெடிக்கவும் கூடும். ஆகவே கடைசி ஓட்டம் முடிந்து அரைமணி நேரம் கழித்து, காருக்குக் குறித்த அளவுக்குத் திரும்பவும் காற்றுப் பிடிக்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுதும் ஒடித்து வைத்துக்கொண்டு, முன்டயரின் தோளை உள்ளும் வெளியும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவில் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடு மட்டத்துக்குத் தேய்ந்திருந்தாலோ, நூலோ கம்பியோ விரலில் தட்டுப்பட்டாலோ அந்த டயரில் நெல்லை வரை வரக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, வழியில் கிடைக்கும் முதல் டயர் கடையில் மாற்றிக்கொண்டு வாருங்கள்.